கிழட்டுக் கொடி

சவரியம்மாளுக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது என்று எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், சொல்வார்கள். சுத்தப் பொய். அவளுக்கு இடி என்றால் பயம், அட்டை என்றால் பயம். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் அட்டைக்குப் பயந்தால் அது என்ன பிழைப்பு சொல்லுங்கள்! காலில் ஒன்று ஏறிவிட்டால் சேசு, மரி, சூசை என்று மூன்று பேரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவாள். ஆனால் மனிதருக்கு, அதிலும் தலையில் தொப்பி வைத்த மனிதருக்கு அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

நான் வீரமுத்து. ஜொகூரில் செடெனாக்கு ரயில் நிறுத்தத்தில் இறங்கி மாட்டுவண்டிப் பாதையில் உள்ளே போனால் வருகிற தோட்டத்தில், சவரியம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அடுத்த வீடு என்றால் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர், அவ்வளவுதான். அங்கே கருவாடு பொரிந்தால் இங்கே எனக்குச் சோறு இறங்கும். அவளும் புருசன் மிக்கேலும் போடுகிற சண்டை ஒரு வார்த்தை குறையாமல் எங்களுக்கு வந்து சேரும். மிக்கேல் அண்ணனுக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் காய வைப்பார். நாள் முழுக்கப் புகை குடித்துக் குடித்து, பேச வேண்டிய இடத்திலெல்லாம் அவருக்கு இருமல்தான் வரும். ஆகவே சண்டை என்றால் அவள் பேசுவாள், அவர் இருமுவார்.

அவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வேதக்கார ஊரிலிருந்து வந்தவர்கள். சவரியம்மாள் கல்யாணமான கையோடு கப்பலேறியவள். அவள் கொண்டுவந்த சீதனம் ஒரு ஜெபமாலை, இரண்டு சேலை, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கொடிமுந்திரிக் குச்சி. திராட்சையை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்கப்பூர்ப் பக்கம் நோய் பார்ப்பதற்காக ஆட்களை அடைத்து வைக்கிற தீவில், மூட்டை முடிச்சையெல்லாம் மருந்துத் தண்ணீரில் முக்கினார்களாம். இவள் குச்சியை எடுத்துக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள். கொண்டையை யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

லயத்துக்குப் பின்னால் கிணற்றடியில் அதை நட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நாள் தவறாமல் மழை ஊற்றுகிற ஜொகூரில் கொடிமுந்திரியா என்றார்கள். அது முளைத்தது. முளைத்ததோடு நிற்காமல் பந்தல் போட்டால் பந்தலையும் தாண்டிப் போனது. ஆரம்பத்தில் காய்த்த காய்க்குக் கணக்கே இல்லை. குலை குலையாகத் தொங்கும். ஆனால் பிழிந்தால் வெறும் செந்தண்ணீர். பழச்சாற்றைப் புளிக்க வைத்துத் திராட்சை ரசம் போடுவாள். அது மூன்றாம் மாசமே காடியாகப் போய்விடும். எலுமிச்சங்காய் ஊறப் போட்டுத் தீர்ப்போம்.

அவள் விட்டாளா? கிணற்றடியில் வேரைச் சுற்றிப் பழைய தகரத்தைப் பரப்பி மழைத் தண்ணீரை ஓரமாக ஓட விட்டாள். மிக்கேல் அண்ணனைத் தினம் புகைக்கூடத்துச் சாம்பல் சுமந்து வரச் சொன்னாள். மீன் குடலும் முட்டை ஓடும் எந்த வீட்டிலும் குப்பைக்குப் போகாது, கொடிக்குத்தான் போகும். வருசத்துக்கு ஒருமுறை, கித்தா மரம் இலை கொட்டுகிற மாசியில், கவாத்து வெட்டுவாள். இலை ஒன்று விடாமல் உருவி, கிளையெல்லாம் கழித்து, கொடியை மொட்டைக் கட்டையாக்கி நிறுத்துவாள். அப்படிக் கொன்று போட்டால்தான் அது பூக்குமாம். மழைக் குறைச்சலான மாசத்தில் பழம் பழுக்க வேண்டுமென்றால் மாசியில் வெட்டியாக வேண்டும் என்பது அவள் கணக்கு.

வருசங்கள் போகப் போக அடிக்கட்டை என் முன்கை மொத்தம் தடித்தது. காய்ப்புக் குறைந்தது. குலைகள் சிறுத்து, பழம் சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. கொடி கிழடாகிவிட்டது, பிடுங்கிவிட்டுப் புதுசு வை அக்கா என்று நானே சொன்னேன். எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

"வாலிபக் கொடிக்கு வாய் ஜாஸ்தி வீரமுத்து. எல்லாத் தண்ணியையும் குடிச்சு எல்லாத்தையும் பழமாக் கக்கிடும். இது இப்பத்தான் நிதானத்துக்கு வந்திருக்கு. வேரு நம்ம கெணத்துக்கும் கீழ போயிருக்கு. அது என்னத்தக் குடிக்குதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போடுற ரசத்தக் குடிச்சிட்டு அப்புறம் பேசு."

குடித்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. நிறம் கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாது. சிம்னி விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் சிவப்பு தெரியும், நடுவே வெளிச்சம் நுழையாது. வாயில் விட்டதும் புளிக்கும். அட, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைப்பீர்கள். அடுத்து நாவல் பழம் தின்றது போல நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். விழுங்கிய பிறகுதான் அது யாரென்று சொல்லும். நனைந்த மண், கருப்பட்டி, கொஞ்சம் புகை. புகை தன்னுடைய சாம்பலால் வந்தது என்று மிக்கேல் அண்ணன் பெருமையடித்துக்கொள்வார். அடுத்த கவளம் சோறு வைக்கும் வரைக்கும் அந்த ருசி வாயை விட்டுப் போகாது. இளங்கொடிப் பழத்துக்குச் சீனி கொட்டினால்தான் ரசம் நிற்கும். இதற்குச் சீனி வேண்டாம், வெந்நீர் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். கள் அப்படியில்லை. கள் தலைக்கு ஏறும், சண்டை போட வைக்கும், காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு எழுந்திருக்க விடாது. இது நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு, சும்மா இரு, எல்லாம் சரியாகும் என்று சொல்லும்.

அவள் அதை விற்றதே இல்லை. சாவுக்கு ஒரு வாய், கல்யாணத்துக்கு ஒரு வாய். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் மூன்றாம் நாள் ஒரு டம்ளர் நிறைய. முனியாண்டி கும்பிடுகிறவளா, மாதா கும்பிடுகிறவளா என்று கேட்க மாட்டாள். எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாயாமல் குடிக்க வேண்டும் என்பது மட்டும் அவள் சட்டம்.

வினை என் வீட்டில்தான் ஆரம்பித்தது. ரப்பர் விலை மண்ணோடு மண்ணாகக் கிடந்த காலம் அது. பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் புதுசாக ஒரு பெரிய துரை வந்திருந்தார். என் பெஞ்சாதி பேச்சியம்மாளுக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். சவரியம்மாள் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. துரையும் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி கனகசுந்தரமும் லயத்தைச் சுத்தம் பார்க்க வந்துவிட்டார்கள். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. எங்களுக்குச் சொல்ல வேண்டியதை துரை அவரிடம் சொல்வார், துரைக்குச் சொல்ல வேண்டாததை நாங்களும் அவரிடமே சொல்லித் தொலைப்போம்.

துரை குனிந்து என் வீட்டுக்குள் தலையை விட்டார். டம்ளரை எடுத்து முகர்ந்தார். அடியில் மிச்சம் இருந்ததை ஒரு வாய் குடித்தார். உடனே துப்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிராணியிடம் இங்கிலீசில் படபடவென்று பொரிந்தார்.

"வீரமுத்து, இதென்ன வேலை?" என்றார் கிராணி. "துரை சொல்லுறார், இது லேசுப்பட்ட ஒயின் இல்லையாம். நூறு வருசத்துக் கொடியிலை பிழியிற சாமானாம். பிரான்சிலையிருந்து பெட்டியிலை அவருக்கு வாறது இப்பிடித்தான் இருக்குமாம். கூலியின்ரை வீட்டிலை இது இருக்க ஞாயமில்லை. பங்களாவிலையிருந்து களவெடுத்தது ஆரெண்டு கேக்கிறார்."

பேச்சி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிசம் சவரியம்மாள் எங்கள் வாசலில் நின்றாள்.

"களவா? யாரு களவாணி? கிராணி ஐயா, அந்தத் துரைய இப்பிடி வரச் சொல்லுங்க. வாய்யா தொரே, வந்து உன் கண்ணால பாரு!"

கையைப் பிடித்து இழுக்காத குறை. துரை அவள் பின்னாலேயே கிணற்றடிக்குப் போனார். நாங்களெல்லாம் அவர் பின்னால் போனோம். அன்றைக்குக் கொடி இலையும் கிளையுமாகப் பந்தலில் அடர்ந்து கிடந்தது. துரை அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து அடிக்கட்டையைத்தான் பார்த்தார். முறுக்கேறிய பட்டையை நகத்தால் நிமிண்டினார், தகரத்தைத் தூக்கிப் பார்த்தார், சாம்பலைக் கிள்ளி முகர்ந்தார். மனிதருக்கு விசயம் தெரியும், நான் மறுக்க மாட்டேன். எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்ல வார்த்தையாகத்தான் இருந்திருக்கும் என்று மிக்கேல் அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சவரியம்மாள் விட்டால்தானே! "இப்பச் சொல்லு தொரே. உன் வீட்டுல நான் திருடுனேனா? இல்ல, பச்ச ஒடம்புக்காரி குடிச்ச எச்சில் டம்ளரத் தூக்கி நீ குடிச்சியா?"

கிராணி அதை இங்கிலீசில் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. துரைக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும். கிணற்றடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். துரையின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. அந்தச் சிரிப்புத்தான் கொடிக்கு எமனாக வந்தது.

சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. தோட்டத்துக்குக் கள்ளுக்கடை என்று ஒன்று இருக்கும்போது, வீட்டில் போதைச் சாமான் காய்ச்சுவது குற்றம். சனிக்கிழமைக்குள் கொடியை வெட்டி எரிக்க வேண்டும். தவறினால் ஆள் பதிவேட்டில் மிக்கேல் பெயரை வெட்டிப் புருசன் பெஞ்சாதி இருவரையும் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

"காச்சுறாங்களாம்! இத எவன்டா காச்சுறான்? அடுப்புல வச்சா ரசம் நிக்குமா?" என்று சவரியம்மாள் கத்தியது மூன்று லயத்துக்குக் கேட்டது.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுச் சம்பலும். தட்டில் கை வைக்காமல் நானும் பேச்சியும் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"வெட்டிருவோம் சவரி," என்றார் அந்தப் பக்கத்தில் மிக்கேல் அண்ணன்.

"வெட்ட மாட்டேன்."

"ஊருக்கு அனுப்பிருவானுக புள்ள."

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தான்."

"நம்ம ஊரு எதுங்க? அங்க யாரு இருக்கா? உங்க தம்பி வீட்டத் தம்பேருக்கு எழுதிக்கிட்டான். எங்க அப்பன் ஆத்தா கல்லறைக்கு வழி கேட்டாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது. நான் பெத்தது ரெண்டும் இந்தத் தோட்டத்துச் சுடுகாட்டுலதான் கெடக்கு. எங்கள எங்க அனுப்புவான் அவன்?"

இருமல்.

"இருமாதீங்க, பதில் சொல்லுங்க."

"ஒரு கொடிக்காகவா சவரி? செடிதான அது?"

"செடிதான். நான் வாங்குன சம்பளத்துல எனக்குன்னு ஒரு குண்டுமணி இருக்கா? இந்த வீடு அவன் வீடு. வெட்டுற மரம் அவன் மரம். கத்தி அவன் கத்தி. ஒடம்பும் பெரட்டுக் களத்துல நிக்கிற வரைக்கும் அவன் ஒடம்புதான். இது ஒன்னுதாங்க நான் கொண்டாந்தது. இது ஒன்னுதான் நான் வச்சு வந்தது. இம்புட்டு வருசம் ஒரே எடத்துல நின்னு வேர் விட்டுருக்கு. அவன் நாட்டுக் கொடி நூறு வருசம் நின்னாப் பெருமை, எங்கொடி நின்னாக் களவா?"

கிழங்கு ஆறிப்போனது. பிறகு மிக்கேல் அண்ணன், இருமாமல், தெளிவாகச் சொன்னார். "நான் கப்பலுக்குப் பயப்படல சவரி. அங்க போயி நீ செத்துருவ. அதுக்குத்தான் பயப்படுறேன்."

பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி," என்றாள் சவரியம்மாள். "சனிக்கிழமை நானே வெட்டுறேன். வேற எவனும் கத்தியத் தொடக்கூடாது."

எனக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. இவளே இறங்கி வந்துவிட்டாளே என்று ஆத்திரமாகக்கூட இருந்தது. மறுநாள் பால் எடுத்துவிட்டுத் திரும்பும்போது ஜாடையாகக் கேட்டேன். "என்னக்கா, தோத்துட்டியா?" அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தலைக்கு மேலே காட்டினாள். கித்தா மரங்கள் இலையெல்லாம் கொட்டி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு வெறுங்கிளையாக நின்றன.

"இது என்ன மாசம் வீரமுத்து?"

"மாசி."

"மாசியில நான் என்ன செய்வேன்?"

நான் வாயைப் பிளந்தேன். "வாய மூடிக்கிட்டு நட," என்றாள்.

சனிக்கிழமை கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சவரியம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பந்தலில் ஏறினாள். முதலில் இலை. இரண்டு கையாலும் உருவி உருவிக் கீழே தள்ளினாள். பிறகு கத்தி. வெட்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பேச்சி கைப்பிள்ளையோடு வாசலில் நின்று, "அய்யோ, அழுவுதுக்கா," என்றாள். "அழுவல, வெயர்க்குது," என்றாள் சவரியம்மாள். இலைக் குப்பையைக் குவித்துத் தீ வைத்தாள். பச்சை இலைப் புகை கிராணியின் மூக்குக்கு நேராகப் போனது. அவர் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கழித்த கிளைகளை மட்டும் தீயில் போடவில்லை. சாண் நீளத்துக்கு நறுக்கினாள். ஒவ்வொரு குச்சிக்கும் அடியைச் சாய்வாகச் சீவினாள், நுனியை நேராக வெட்டினாள். கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தாள். எங்கள் தோட்டத்தில் விழுந்த மரம், கழித்த கிளை எதுவானாலும் விறகுக்குப் பெண்கள் பிரித்துக்கொள்வது வழக்கம். முதல் கட்டு கிராணி வீட்டுக் குசினி அடுப்புக்குப் போக வேண்டும் என்பதும் வழக்கம். அதைக் கொடுக்காவிட்டால் கிராணிக்குக் கோபம் வரும். ஆகையால் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முதல் கட்டு தன் வீட்டுக்குப் போகிறதா என்பதை மட்டும் பார்த்தார்.

சவரியம்மாளே அதைச் சுமந்துகொண்டு போய்க் கிராணியின் சம்சாரம் இராசம்மாவிடம் கொடுத்தாள். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வாங்கினார்கள். வாங்குகிறவள் காதுக்குள் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சீவுன பக்கம் மண்ணுக்குள்ள. நேர் வெட்டு மேல. மாத்தி நட்டேன்னா கைய ஒடச்சிருவேன்."

அந்தச் சனிக்கிழமை எங்கள் லயத்தில் ஒரு அடுப்பிலும் அந்த விறகு எரியவில்லை.

"இதுவும் போகணும்," என்று கிராணி அடிக்கட்டையைக் காட்டினார். பந்தலில் இரண்டு கையை விரித்தது போல மொட்டைக் கட்டை நின்றது.

"அது கெடக்கட்டும் ஐயா. செத்த கட்டைதான. பொடலங்கொடி ஏத்திவிடுறேன்," என்றாள். அவருக்குக் கண்ணெரிச்சல், பசி வேறு. எழுந்து போய்விட்டார். செத்துவிட்டது என்று துரைக்கும் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்தில் மழை ஒன்று அடித்து ஓய்ந்தது. கித்தா மரங்கள் செம்பு நிறத்தில் தளிர்விட்டன. கிணற்றடிக் கட்டையிலும் கண்ணுக்குக் கண் மொட்டு உடைந்தது. எல்லா வருசத்தையும்விட வேகமாக வந்தது. கண் திறந்த இடத்திலெல்லாம் கடுகு கடுகாகப் பூங்குலை. மறைத்து வைக்க முடியாத பச்சை. அந்தப் பக்கம் குளிக்க வந்த எவனோ கள்ளுக்கடையில் உளறியிருக்கிறான். மறுநாள் காலையிலேயே துரை வந்து நின்றார், பின்னால் கிராணி.

"வெட்டச் சொல்லி உத்தரவு. நீ வெட்டவில்லை," என்றார் துரை. அவரே தமிழில் சொன்னார்.

"வெட்டுனேன் தொரே. கிராணி ஐயா நாற்காலி போட்டுப் பாத்தாரு. கேட்டுப் பாருங்க."

"பின்னே இது என்ன?"

"வெட்டுன்னு சொன்னீங்க, வெட்டிட்டேன். துளிர்க்காதன்னு அதுக்கிட்ட நீங்கதான் சொல்லணும். உங்க கித்தா மரமும்தான் போன மாசம் மொட்டையா நின்னுச்சு. செத்துப் போச்சுன்னு வெட்டித் தள்ளிட்டீங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. துரை கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். மண்வெட்டியை எடு, வேரோடு தோண்டு என்றார். நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாயாமல் நிமிர்ந்து நின்றாள். எனக்கு வேறு உத்தரவு தேவைப்படவில்லை.

"தோண்ட மாட்டேன் தொரே," என்றேன். "எம்பெஞ்சாதிக்கு ஒடம்புல தெம்பு குடுத்த கொடி."

அடுத்தவனைக் கூப்பிட்டார். அவன் வானத்தைப் பார்த்தான். அதற்கடுத்தவனுக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. மிக்கேல் அண்ணனைக் கூப்பிட்டார்.

அவர் முன்னால் வந்தார். இருமினார், இருமி முடித்தார். "எம்பேர வெட்டிக்கங்க தொரே. கொடிய நான் வெட்ட மாட்டேன். எங்களுக்கு இருக்குறதே அது ஒன்னுதான்."

சவரியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்திருப்பாளோ என்னவோ, அப்படி ஒரு பார்வை.

கடைசியில் கிராணியேதான் மண்வெட்டி பிடித்தார். வெள்ளைக் கால்சட்டை சேற்றில் நனைந்தது. வேர் கிணற்றுச் சுவருக்கு அடியில் புகுந்து போனது, தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருந்தது. மனிதர் மூச்சு வாங்கினார். அப்புறம் ஸ்டோரிலிருந்து லாலான் என்கிற களைப் புல்லுக்கு அடிக்கிற மருந்தை எடுத்துவரச் சொன்னார்கள். கட்டையைத் தரையோடு அறுத்து, அறுத்த வாயில் அதை ஊற்றினார்கள். மாட்டையும் கொல்லும் மருந்து அது. இத்தனை வருசத்து வேர், ஒரு தகர டின்னோடு முடிந்துபோனது. எனக்கு அவர்களைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் போல் இருந்தது.

சவரியம்மாள் அழவில்லை. கட்டையின் ஓரம் உட்கார்ந்து, தன்னுடைய தகரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

துரை போய்விட்டார். கிராணி சேற்றுக் காலோடு லயத்தின் பின்பக்க வழியாகத் தன் வீட்டுக்கு நடந்தார். அவர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். இரண்டாவது வீட்டைத் தாண்டும்போது நின்றார். என் வீட்டுக் குசினி ஓரத்தில், முட்டை ஓட்டுக்கும் சாம்பலுக்கும் நடுவில், சாண் உயரக் குச்சியில் இரண்டு இலை. மூன்றாவது வீட்டில் மூன்று இலை. அதற்கப்பால் எட்டிப் பார்த்தார். லயம் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு பின்வாசலிலும் ஒரு குச்சி, ஒவ்வொரு குச்சிக்குப் பின்னாலும் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதென்ன?" என்றார், பேச்சியிடம்.

"அவரக்கொடிங்க ஐயா."

"அவரை இப்பிடியோ இலை விடும்?"

"இந்த மண்ணுக்கு அப்பிடித்தான் விடும்."

அவர் சேற்றுக் காலை உதறிக்கொண்டு போனார். நாளைக்கு மருந்து டின்னோடு வருவார், எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். மண்வெட்டி எடுக்காததற்கு எனக்கு ஒரு வாரம் பெயர் போடவில்லை, கூலியும் இல்லை. மிக்கேல் அண்ணனைப் புகைக்கூடத்திலிருந்து தூக்கிப் புல்வெட்டில் போட்டார்கள். கப்பலேற்றவில்லை, கொடிதான் செத்துவிட்டதே, இனி எதற்கு என்று துரை விட்டிருப்பார். குச்சிகளைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சவரியம்மாள் எங்கள் எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். கட்டிலுக்கடியில் மணலில் புதைத்து வைத்திருந்த கடைசிப் போத்தலை எடுத்து வந்திருந்தாள். அதுதான் கிழட்டுக் கொடியின் கடைசி ரசம். மெழுகை உடைத்துக்கொண்டிருக்கும்போது கிராணி வீட்டுப் பக்கமிருந்து இராசம்மா வந்தார். கையில் ஒரு வெள்ளி டம்ளர். கிராணி சம்சாரம் லயத்துக் கிணற்றடியில் வந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை. போன வருசம் அவருக்குப் பிள்ளை பிறந்து இறந்தபோது, சவரியம்மாள் போய் மூன்று நாள் கூடவே இருந்தது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

"எங்கடை கிணத்தடியிலையும் நாலு இலை விட்டிருக்குது அக்கா," என்றார் இராசம்மா.



"அவர் பாத்தவரா?" என்று சவரியம்மாள் கிராணியின் பேச்சிலேயே கேட்டாள்.

"பாத்தவர். இதென்ன எண்டு கேட்டார். விறகு எண்டன். விறகு துளிர்க்குமோ எண்டார். முதல் கட்டு எங்களுக்குத்தான் வேணுமெண்டு நிண்டது நீங்கள்தானே, போய்த் துரையிட்டைச் சொல்லுங்கோ எண்டன். பிறகு சத்தமில்லை. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் படுத்திட்டார்."

அப்போது எழுந்த சிரிப்பு பங்களா வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சிரித்தோம். மிக்கேல் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமி, இருமி இருமிச் சிரித்தார்.

சவரியம்மாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் ஊற்றினாள். இராசம்மாவுக்கு மட்டும் வெள்ளி டம்ளர் நிறைய. நான் அதை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தேன். புளிப்பு, நாவல் பழம், மண், கருப்பட்டி, கடைசியில் அந்தப் புகை. இனி இந்த ருசியை எங்கே பார்ப்பது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"இந்தக் குச்சியெல்லாம் எப்ப அக்கா இந்த மாதிரி ரசம் குடுக்கும்?" என்று பேச்சி கேட்டாள்.

"மூணு வருசத்துல காய்க்கும். செந்தண்ணிதான் வரும். காடியாப் போகும். எலுமிச்சங்கா ஊறப் போடுங்க."

"இது மாதிரி வர?"

"இருவது வருசம் ஆகும்."

மிக்கேல் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "இருவது வருசமா? அது வரைக்கும் நம்மள இங்க விட்டு வைப்பானுகளா சவரி?"

சவரியம்மாள் பங்களாப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, அடுக்கி வைத்திருந்த தகரங்களைப் பெண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"விட்டு வைக்க அவன் யாரு?" என்றாள். "மழை வரப்போவுது. போயி வேரச் சுத்திப் போடுங்கடி."